தலைமைச் செயல் அதிகாரி: உள்ளாளா, வெளியாளா?

புதிய தலைமைச் செயல் அதிகாரியாக நிறுவனத்துக்குள்ளேயே வளர்ந்தவரை அமர்த்துவதா, வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவருவதா? நிறுவனம் ஓரளவு நன்றாக ஓடுகிறதென்றால் என் ஓட்டு உள்ளாளுக்குத்தான். எந்தத் துறை எதை மறைக்கும், யார் சொன்னால் வேலை நடக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. உள்ளேயே வளர்ந்தவர் பழையதையே ஓட்டுவார் என்பதும் தப்புக்கணக்கு. 1992-இல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்த சத்யா நாதெள்ளா, 2014-இல் தலைமைக்கு வந்து, விண்டோஸையே சுற்றிக்கொண்டிருந்த நிறுவனத்தை கிளவுட் (இணையம் வழியே தரும் கணினிச் சேவை) பக்கம் திருப்பினார். ஆனால் ஒன்று: நேற்றுவரை கூட உட்கார்ந்து சாப்பிட்ட நண்பரின் பிரிவை மூட வேண்டி வந்தால் கை நடுங்கும்.

வெளியாளுக்கு அந்தத் தயக்கம் குறைவு. நிறுவனம் மூழ்கும் நிலையில் இருந்தால் அது பெரிய பலம். அப்படித் தத்தளித்த கணினி நிறுவனமான ஐபிஎம்முக்கு 1993-இல் தலைவராக வந்த லூ கெர்ஸ்ட்னர், அதற்குமுன் பிஸ்கட்டும் சிகரெட்டும் விற்ற ஆர்ஜேஆர் நபிஸ்கோவை நடத்தியவர். கணினித் துறை ஆளே இல்லை! ஆனால் கிரெடிட் கார்டு நிறுவனமான அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் இருந்தபோது ஐபிஎம்மின் வாடிக்கையாளர். வாடிக்கையாளருக்கு எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதுதான் வசதி என்ற அந்தப் பார்வையோடுதான், நிறுவனத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் திட்டத்தைக் கைவிட்டார். அப்புறம், வெளியாளுக்குச் சம்பளம் பெரும்பாலும் கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். ஆட்களைப் புரிந்துகொள்ளவே சில மாதங்கள் ஓடிவிடும்.