ஷீ-பாக்ஸ்: மகப்பேறு விடுப்புக்கு முன்பே திறந்து பார்க்க வேண்டிய பெட்டி

வேலை செய்யும் இடத்தில் நடக்கும் பாலியல் தொல்லை பற்றி ஆன்லைனில் புகார் கொடுக்க, மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் நடத்தும் தளம் ஷீ-பாக்ஸ். 2017-இல் வந்தது, 2024 ஆகஸ்டில் புதுப்பித்து மறுபடி திறந்தார்கள். அரசு அலுவலகமோ தனியார் நிறுவனமோ, இரண்டுக்கும் இதே இடம்தான். புகார் நேராக நிறுவனத்தின் உள்ளகப் புகார் குழுவுக்கோ மாவட்ட உள்ளூர் குழுவுக்கோ போகிறது. எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தளத்திலேயே பார்க்கலாம். குழுத் தலைவரைத் தவிர யாரும் புகாரைப் படிக்க முடியாது என்கிறது அமைச்சகம். எச்.ஆர். மேஜையில் கவரை வைத்துவிட்டு, ‘வாங்கிக்கொண்டோம்’ என்று ஒரு கையெழுத்துக் கேட்கத் தயங்கி நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் இது தபால் பெட்டிதான். விசாரிப்பது குழு, அதைக் கட்டுப்படுத்துவது வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளை பெற்றவர்கள் மாட்டிக்கொள்வதும் அந்தச் சட்டத்தின் ஒரு கணக்கில்தான்.

சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். திரும்பத் திரும்ப நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ண வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டலாம். ஆக மொத்தம் 6 மாதம். முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் கிடைக்கும் விடுப்பு 26 வாரம், அதுவும் கிட்டத்தட்ட 6 மாதம்தான். விடுப்புக்குப் போவதற்கு முந்தைய வாரம் நடந்த ஒன்றை, ‘குழந்தை பிறக்கட்டும், திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டால், வேலைக்குத் திரும்பும் நாளில் கெடு முடிந்தே போயிருக்கும். கெடுவை எழுதியவர்களுக்குப் பிரசவம் நினைவுக்கு வரவில்லை போலும். கெடு விஷயத்தில் நீதிமன்றமும் இளகுவதில்லை: கொல்கத்தா சட்டப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மீதான வழக்கில், கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரல், புகார் அதே ஆண்டு டிசம்பர் என்பதால், காலம் கடந்துவிட்டது என்றே 2025-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

விடுப்பில் இருக்கும்போதே புகார் கொடுக்கலாம், சட்டத்தில் தடை இல்லை. வீட்டிலிருந்தே அனுப்ப முடிவதுதான் ஷீ-பாக்ஸின் உண்மையான பலன். 3 மாதம் தாண்டியிருந்தால் பிரசவத் தேதி, அறுவைச் சிகிச்சை, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு ஆகியவற்றைக் காட்டி, கால நீட்டிப்பு வேண்டும் என்று புகாரிலேயே எழுதிக் கேட்க வேண்டும். குழு தானாக யோசித்து நீட்டாது.

அடுத்த சிக்கல் வாசகம். ‘மேலாளர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார்’ என்று எழுதினால் எதிர்த்தரப்புக்கு மறுப்பது சுலபம். ‘மார்ச் 12, மாலை 3.10, இரண்டாம் மாடியில் தாய்ப்பால் எடுக்கும் அறை வாசல். என் மார்பைப் பார்த்தபடி, இப்போது நல்ல சப்ளை போலிருக்கிறதே என்றார். வரவேற்பில் இருந்தவர் கேட்டார்’ என்று எழுதினால் நாள், இடம், சொன்ன சொல், சாட்சி நான்கும் வந்துவிடுகின்றன. சொல்லக் கூசும் சொல்லை நாகரிகப்படுத்தி எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ‘ஆபாசமாகப் பேசினார்’ என்பதை வைத்துக் குழுவால் ஒன்றும் செய்ய முடியாது. வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டில் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, எண் தெரிய வேண்டும். ஒரு பெயரில் யாருடைய எண்ணையும் சேமித்துக்கொள்ளலாம் அல்லவா. சாட் இருக்கும் போனை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள். நிரூபிக்க முடியாமல் போனதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது. அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது.

‘குழந்தை பெற்றவளுக்கு எதற்கு பதவி உயர்வு’ என்ற பேச்சு மட்டும் இருந்தால் இந்தத் தளம் உதவாது. அது பாகுபாடு. பாலியல் தொல்லை என்ற வரையறைக்குள் நிற்காமல் புகார் தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம். இரண்டும் கலந்திருந்தால் பாலியல் தன்மையுள்ள பேச்சையும் செயலையும் முதலில் வைத்து, வேலைக்கு ஆபத்து என்ற மிரட்டலை அதோடு கோத்து எழுத வேண்டும்.

எந்தக் குழு என்பதையும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். 10 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடம் என்றாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ உள்ளூர் குழு. மற்றபடி உள்ளகக் குழு. இடம் மாறிப் போனால் வாரங்கள் வீணாகும், கெடு காத்திருக்காது. குழு 7 வேலை நாளுக்குள் எதிர்த்தரப்புக்கு நகல் அனுப்ப வேண்டும், அவர் 10 வேலை நாளில் பதில் தர வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். தளத்தில் நிலை நகராமல் நின்றால் இந்தத் தேதிகளைக் குறிப்பிட்டே நினைவூட்டுங்கள்.

பலர் கேட்காமலே விட்டுவிடும் ஒன்று இடைக்கால நிவாரணம். விசாரணை முடியும் வரை 3 மாதம் வரை கூடுதல் விடுப்பு, இடமாற்றம், புகாருக்குள்ளானவர் உங்கள் அப்ரைசலை எழுதக் கூடாது என்ற தடை, எல்லாம் கேட்கலாம். மகப்பேறு விடுப்பு முடிந்து மதிப்பீட்டு நேரத்தில் திரும்புபவருக்கு மூன்றாவதுதான் முக்கியம். எழுத்தில் கேட்டால்தான் உண்டு. புகாரின் கடைசிப் பத்தியாகவே சேர்த்துவிடலாம்.