கிரானிட்ஸ் கோபுரமா, புரோரா கோபுரமா?

ஜெர்மனியின் ரூகன் தீவில், பின்ஸ் கடற்கரையில் தங்குபவர்களுக்கு அரை நாள்தான் மிச்சம் என்றால் இந்தக் கேள்வி வந்தே தீரும். ஊருக்குத் தெற்கே காட்டுக்குள் கிரானிட்ஸ் வேட்டை மாளிகையின் கோபுரம். வடக்கே புரோராவில், மரமுகடுகளின் ஊடே போகும் நடைபாதையின் கோபுரம். முன்னது 38 மீட்டர், பின்னது 40. ஆனால் கிரானிட்ஸ் நிற்பது 107 மீட்டர் குன்றின் உச்சியில். அதன் மேல்தளம் கடல்மட்டத்துக்கு மேல் 145 மீட்டர், புரோராவுடையது 82. காட்சிதான் முக்கியம் என்றால் கிரானிட்ஸுக்கே என் ஓட்டு.

தயங்க வைப்பது படிக்கட்டு. புட்புஸ் இளவரசர் முதலாம் வில்ஹெல்ம் மால்ட்டே 1838 முதல் 1846 வரை கட்டிய மாளிகை இது. திறந்த முற்றமாக இருக்கவேண்டிய நடுப்பகுதியில் எழும் கோபுரத்தை வடிவமைத்தவர் பிரஷ்யக் கட்டடக்கலைஞர் ஷின்கெல். உள்ளே 154 வார்ப்பிரும்புப் படிகள் சுவரைப் பிடித்தபடி சுழன்று ஏறுகின்றன; நடுத்தூண் கிடையாது. படிகளில் பூவேலைத் துளைகள் இருப்பதால் காலடியிலேயே அடித்தளம் தெரியும். பலருக்குக் கால் நடுங்குவது உயரத்தைவிட இந்தத் துளைகளால்தான். சுவரோரம் படி அகலம். அங்கேயே ஒட்டி, பார்வையை இரண்டு மூன்று படி மேலே வைத்து நடந்தால் ஓரளவு பயம் உள்ளவர்களும் ஏறிவிடலாம். கடும் தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அப்படி உறுதி சொல்லமாட்டேன். எதிரே ஆள் இறங்கும்போதுதான் சிக்கல்: யாராவது ஒருவர் சுவரை விட்டு உள்பக்கம் ஒதுங்கவேண்டும். திறந்தவுடன் போனால் இந்தத் தொல்லை குறைவு. ஒல்லியான குதிகால் செருப்பு துளையில் மாட்டும், வேண்டாம்.

புரோராவில் படியே ஏறவேண்டாம். 2013இல் திறந்த 1,250 மீட்டர் மரப்பாதை, சாய்வு 6 சதவீதத்துக்குள். தள்ளுவண்டி, சக்கர நாற்காலி எல்லாம் உச்சிவரை போகும். கூட வருபவர்களுக்கு முழங்கால் வலி என்றால் யோசிக்காமல் இதையே எடுக்கலாம்.

கிரானிட்ஸ் வாசல்வரை சொந்தக் கார் போகாது. பின்ஸிலிருந்து சாலையில் ஓடும் சுற்றுலாச் சிறுரயில் மேலே கொண்டுவிடும். நீராவி ரயிலில் வந்தால் யாக்ட்ஷ்லோஸ் நிறுத்தத்திலிருந்து காட்டுவழி ஏற்றம். ஏறிக் களைத்த காலோடு அந்தப் படிகளைத் தொட்டால் நடுக்கம் கூடும். எனவே போகச் சிறுரயில், திரும்பும்போது நடந்து இறங்கி நீராவி ரயில். கடைசி ரயில் நேரத்தைக் கோபுரம் ஏறுமுன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.