கென்பாம் சந்தா: தோற்கிற அணியின் ரசிகன் பணம் கட்டிப் பார்க்கலாமா?

எங்கள் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி கான்பரன்ஸில், அதாவது தன் லீக்குக்குள், 12 ஆட்டம் ஆடி மூன்றே மூன்றில்தான் ஜெயித்திருந்தது. அடுத்தது வெளியூர் ஆட்டம், அதிலும் தோற்றால் மார்ச் மாதத் தேசியப் போட்டியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை என்ற நிலை. அந்த வாரத்தில்தான் நான் கென்பாம் என்ற கூடைப்பந்துப் புள்ளிவிவரத் தளத்துக்குச் சந்தா கட்டினேன், ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 25 டாலர். கட்டியதற்குக் காரணம் அறிவுத்தாகமெல்லாம் கிடையாது. நாங்கள் மோசமான அணி இல்லை, நேரம் சரியில்லை, அவ்வளவுதான் என்று யாராவது எண்ணோடு எழுதிக் கொடுத்தால் தேவலை என்று இருந்தது. அந்தத் தளத்தில் 'லக்' என்றே ஒரு பத்தி இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் அட்டையை எடுத்தேன்.

தெரியாதவர்களுக்கு: அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில் முதல் பிரிவில் மட்டும் 360-க்கும் மேற்பட்ட அணிகள். எல்லாரும் எல்லாரோடும் ஆட முடியாது, அதனால் வெற்றி தோல்விக் கணக்கை வைத்து யார் நல்ல அணி என்று சொல்லவே முடியாது. வானிலை ஆய்வாளராக அரசு வேலையில் இருந்த கென் பாமராய் என்பவர் இதற்கு ஒரு வழி பண்ணினார். ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று பார்க்காமல், பந்து கைக்கு வந்த ஒவ்வொரு முறைக்கும் எத்தனை புள்ளி என்று பார்ப்பது, அதை நூறு முறைக்குப் பெருக்குவது, எதிரணியின் தரத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பது. எடுக்கும் புள்ளியிலிருந்து கொடுக்கும் புள்ளியைக் கழித்தால் வருவதுதான் அணியின் மதிப்பு. மார்ச் போட்டிக்கு 68 அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்குக் கொடுக்கும் தாளிலேயே இந்த எண்ணும் இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தளத்தைத் திறந்தால் படம் கிடையாது, வீடியோ கிடையாது, பழைய வங்கி பாஸ்புக் மாதிரி வரிசை வரிசையாக எண்கள். எனக்கு அது பிடித்தது. மொத்தப் பட்டியலைப் பார்க்கக் காசு வேண்டாம், அது எல்லாருக்கும் திறந்துதான் இருக்கிறது. ஒரு அணியின் பெயரைத் தொட்டு உள்ளே போவதற்குத்தான் சந்தா.

முதல் வேலையாக 'லக்' பத்தியைப் பார்த்தேன். இந்தப் பருவத்தில் மூன்று ஆட்டம் கடைசி நிமிஷத்தில் கைவிட்டுப் போனது, அதில் ஒன்று மணி அடிக்கும்போது அரை மைதானத்திலிருந்து எறிந்த பந்து. ஆகவே எங்களுக்குப் பெரிய மைனஸ் காத்திருக்கிறது என்று நம்பித்தான் போனேன். பார்த்தால் பிளஸ்! சின்ன பிளஸ்தான், ஆனாலும் பிளஸ். அந்தப் பத்தியின் அர்த்தம் என்னவென்றால், ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆடிய தரத்தை வைத்துப் பார்த்தால் எத்தனை ஜெயித்திருக்க வேண்டும், உண்மையில் எத்தனை ஜெயித்தோம் என்கிற வித்தியாசம். அப்புறம்தான் நவம்பர் ஞாபகம் வந்தது. ஒரு புள்ளியில், இரண்டு புள்ளியில், கூடுதல் நேரத்தில் என்று நான்கு ஆட்டம் ஜெயித்தோமே, அதையெல்லாம் திறமை என்று எடுத்துக்கொண்டு, ஜனவரியில் தோற்றதை மட்டும் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதியிருக்கிறேன். 25 டாலர் கொடுத்து வாங்கிய முதல் பொருள் இதுதான். கொஞ்ச நேரம் தளத்தை மூடி வைத்துவிட்டேன்.

மறுபடி திறந்தபோது பார்த்தது 'நான்கு காரணிகள்'. கூடைப்பந்துப் புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஆலிவர் வகுத்த பிரிவு இது: எப்படிக் குறி பார்த்துப் போடுகிறார்கள், எத்தனை முறை பந்தைத் தொலைக்கிறார்கள் (டர்ன்ஓவர்), தவறிய பந்தில் எத்தனையைத் திரும்பப் பிடிக்கிறார்கள் (ரீபவுண்ட்), எத்தனை முறை ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போகிறார்கள். சந்தாவுக்கு மதிப்பு இந்தப் பக்கத்தில்தான். எங்கள் கோச்சைத் திட்டுகிறவர்கள் எல்லாரும், நான் உட்பட, 'மூன்று புள்ளி விழவே மாட்டேங்குது' என்றுதான் திட்டுவோம். ஷூட்டிங்கில் நாங்கள் நடுத்தரம், ரீபவுண்டில் நன்றாகவே இருக்கிறோம். டர்ன்ஓவரில்தான் சிவப்பு, 300-ஆம் இடத்துக்கும் கீழே. நூறு முறை பந்து வந்தால் இருபது முறை ஷாட் கூடப் போடாமல் எதிராளி கையில் கொடுத்துவிட்டு வருகிறோம். இரண்டு மாதமாக ஒவ்வொரு ஆட்டத்தையும் முழுசாக உட்கார்ந்து பார்த்தவன் நான், இது என் கண்ணில் படவில்லை. பந்து கூடைக்குள் போகாதது கண்ணுக்குத் தெரியும், கூடை வரைக்குமே போகாதது தெரிவதில்லை போல.

அடுத்து, வரப்போகும் ஆட்டத்தின் கணிப்பு. ஃபேன்மேட்ச் என்ற பக்கத்தில் அன்றன்றைய ஆட்டங்களுக்கு எதிர்பார்க்கும் ஸ்கோரும் வெற்றி வாய்ப்பும் போட்டிருக்கும். எங்களுக்கு: 71க்கு 62 தோல்வி, வாய்ப்பு 21 சதவீதம். எங்கிருந்து வந்தது 9 என்று பேப்பரில் போட்டுப் பார்த்தேன். எங்கள் மதிப்பு நூறு முறைக்குப் பிளஸ் 2, அவர்களுடையது பிளஸ் 11. வித்தியாசம் 9. ஆனால் ஒரு ஆட்டத்தில் ஒரு அணிக்குப் பந்து வருவது 67 முறை என்றால் அது 6 புள்ளி. சொந்த மைதானத்துக்கு ஏறத்தாழ 3. கூட்டினால் 9, சரியாக வருகிறது. அதாவது இதே ஆட்டம் எங்கள் ஊரில் நடந்தால் 3 புள்ளியில்தான் பின்தங்கியிருப்போம்.

சொந்த மைதானத்துக்கான 3 புள்ளிக்குத் தனியாக ஒரு பக்கமே இருக்கிறது, எந்த மைதானத்தில் சொந்த அணிக்கு எவ்வளவு சாதகம் என்று. ஃபவுல் எப்படி விழுகிறது, மைதானம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது வரை கணக்கில் இருக்கிறது. வயோமிங் பல்கலைக்கழகம் லாரமி நகரில் 7,220 அடி உயரத்தில் ஆடுகிறது, அங்கே போகிற அணி இரண்டாம் பாதியில் வாயைத் திறந்து மூச்சு வாங்குவதற்குக் கூட இங்கே ஒரு எண் உண்டு. ஒரு மணி நேரம் அந்தப் பக்கத்திலேயே போய்விட்டது, எங்கள் ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

குறை என்று சொன்னால், இந்தக் கணக்குக்கு அடிபட்டவர்களைத் தெரியாது. பந்தைக் கொண்டு வருகிற எங்கள் பாயிண்ட் கார்டு முந்தைய ஆட்டத்தில் கணுக்கால் சுளுக்கி வெளியே போனவன், அவன் ஆடமாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும், 21 சதவீதத்துக்குத் தெரியாது. இன்னொன்று, இதை, கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ-வே போடும் நெட் தரவரிசையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2018-ல் வந்த நெட் தரவரிசையை வைத்துத்தான் வெற்றியின் எடையைப் பிரிக்கிறார்கள்: முதல் 30 இடத்தில் இருக்கிற அணியைச் சொந்த ஊரில் ஜெயித்தால்தான் முதல் தர வெற்றி, வெளியூர் என்றால் 75-ஆம் இடம் வரைக்கும் முதல் தரம். எங்கள் எதிரணி இரண்டு பட்டியலிலும் அறுபதுகளில் இருந்தது. ஆக இங்கே ஜெயித்தால் இரண்டாம் தரமாக இருந்திருக்கும் வெற்றி அங்கே ஜெயித்தால் முதல் தரம். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு நீங்கள் நெட் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும், அதற்குக் காசு வேண்டாம்.

காசே கொடுக்க மாட்டேன் என்கிறவர்களுக்கு இதே மாதிரிக் கணக்குப் போடும் பார்ட் டார்விக் தளம் இருக்கிறது, முழுக்க இலவசம். தேதி கொடுத்து 'ஜனவரி 1-க்கு அப்புறம் மட்டும் எப்படி ஆடினோம்' என்று பார்க்கிற வசதி அதில் உண்டு, அதற்காகவே நான் இரண்டையும் திறந்து வைத்துக்கொள்கிறேன். இரண்டில் ஒன்று போதும் என்றால் அதை வைத்தே காலம் தள்ளலாம். நான் கென்பாமில் நிற்பதற்குக் காரணம் பழைய வருடங்கள். நான் படித்த காலத்து அணியைத் திறந்து பார்த்தால் அதுவும் டர்ன்ஓவரில் சிவப்பு.

சரி, ஆட்டம். என் அறை நண்பனும் கூட உட்கார்ந்து பார்த்தான். ஆரம்பத்திலிருந்தே நான் ஷாட்டைப் பார்க்கவில்லை, பந்து நடு கோட்டைத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்தேன். பாயிண்ட் கார்டு இல்லாததால் ஒரு முதலாண்டு பையன் பந்தைக் கொண்டு வந்தான், அவன் மெதுவாக, நடு கோட்டைத் தாண்டக் கொடுக்கிற பத்து விநாடியில் எட்டைச் செலவழித்துக் கொண்டு வந்தான், பார்க்கவே எரிச்சலாக இருந்தது, ஆனால் பந்து தொலையவில்லை. முதல் பாதியில் மூன்றே டர்ன்ஓவர். கடைசி 40 விநாடி, ஒரு புள்ளி பின்னால், எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போட ஐந்து விநாடி, அரங்கம் மொத்தமும் எழுந்து கத்துகிறது, உள்ளே இருந்த நான்கு பேரில் ஒருத்தனும் திறந்து நிற்கவில்லை. போட்டான். நேராக அவர்கள் கையில். 66க்கு 63, தோல்வி.

மறுநாள் காலையில் தளத்தைத் திறந்தால் நாங்கள் 141-லிருந்து 138-க்கு ஏறியிருந்தோம். 9-ல் தோற்க வேண்டியவர்கள் 3-ல் தோற்றால் அதன் கணக்கில் அது முன்னேற்றம். நண்பனிடம் போனைக் காட்டினேன்.

"தோத்ததுக்கு மேல ஏத்துறானா? இதுக்கா மச்சி 25 டாலர்?"

சனிக்கிழமை மறுபடியும் வெளியூர். 28 சதவீதம்.