குண்டும் குழியுமான டிராக்: சிறிய துளை பிஸ்டனா, பெரிய துளை பிஸ்டனா?

ஆர்.சி. பக்கி (ரிமோட்டில் ஓட்டும் சிறிய கார்) கரடுமுரடான டிராக்கில் துள்ளத் தொடங்கினால் பலரும் முதலில் ஸ்பிரிங்கைத்தான் மாற்றுகிறார்கள். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது ஷாக்குக்குள் (அதிர்வு தாங்கி) ஆயிலில் நகரும் துளையிட்ட வட்டான பிஸ்டனை. 1/10 அளவு பக்கிக்கு இரண்டு வழிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 1.6 மி.மீ. துளை இரண்டு உள்ள பிஸ்டனும் 350 சென்டிஸ்டோக் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) சிலிக்கோன் ஆயிலும். மற்றது, 1.7 மி.மீ. துளை இரண்டும் 450 ஆயிலும்.

மேசையில் வைத்து மெதுவாக அழுத்தினால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆயில் மெதுவாக ஓடும்போது தடை, துளை விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். துளை வெறும் 0.1 மி.மீ. பெரிதானாலே தடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஈடுகட்ட 350-ஐ 1.27-ஆல் பெருக்கினால் சுமார் 445 வரும், அதனால்தான் 450.

வித்தியாசம் தெரிவது வேகத்தில். சக்கரம் மேட்டில் மோதும்போது ஆயில் துளை வழியே சுழித்துப் பீறிடுகிறது. அப்போது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைவிடத் துளையின் பரப்புதான் முக்கியம். சிறிய துளையில் ஷாக் திடீரென்று இறுகும். இதைத்தான் 'பேக்' என்கிறோம். சக்கரம் மேலேற வழியில்லாமல் கார் மொத்தமும் எகிறும். பெரிய துளையில் பரப்பு 13% கூடுதல், பேக் குறைவு, சக்கரம் தரையை விடாது. மேடுபள்ளத்துக்கு இதுவே என் தேர்வு.

ஆனால் தரை வழவழப்பாகவும் ஜம்ப் பெரிதாகவும் இருந்தால் சிறிய துளைதான் சரி. இறங்கும்போது சேஸிஸ் தரையில் அறையாமல் காப்பது அந்த பேக்தான்.

டிராக்கில் கோளாறைப் பிரித்தறிவது எளிது. முதல் மேட்டிலேயே பின்பக்கம் உதைத்தால் பேக் அதிகம்: பிஸ்டனை மாற்றுங்கள். முதல் இரண்டு மேட்டை நன்றாகத் தாண்டி, மூன்றாவதில் கார் தாழ்ந்து தடுமாறினால் ஷாக் நீண்டு திரும்ப நேரம் போதவில்லை: ஆயிலை 50 குறையுங்கள். எல்லா மேட்டிலும் காரின் அடிப்பகுதி தட்டினால் மட்டும் ரைடு ஹைட்டை (தரையிலிருந்து சேஸிஸின் உயரம்) 1 அல்லது 2 மி.மீ. ஏற்றுங்கள், அல்லது ஒரு படி கடினமான ஸ்பிரிங் போடுங்கள்.

ஆயில் வாங்கும்போது கெட்டித்தன்மைக்காகப் போட்டிருக்கும் 'வெயிட்' எண்ணை நம்ப வேண்டாம். 30 வெயிட் என்பது அசோசியேட்டட் பிராண்டில் 350 சென்டிஸ்டோக், லோசியில் 338. ஒரே பிராண்டில் நில்லுங்கள், இல்லையென்றால் சென்டிஸ்டோக்கைப் பாருங்கள்.

ஷாக் மூடியிலும் இரண்டு வகை. பிளாடர் வகையில் ரப்பர் சவ்வு காற்றையும் ஆயிலையும் பிரித்து வைப்பதால் வெகுநேரம் ஒரே மாதிரி உழைக்கும். எமல்ஷனில் சிறிது காற்று ஆயிலோடு கலந்தே இருக்கும். அது அமுங்குவதால் பொடி அதிர்வுகள் இதமாக அடங்கும். நான்கு ஷாக்கிலும் ஒரே அளவு காற்று இருக்க வேண்டும், ஆயிலையும் அடிக்கடி மாற்ற வேண்டும். அதற்குப் பொறுமை இருப்பவர்களுக்கு எமல்ஷன் நல்லது.

ஆன்ட்டி-ரோல் பாருக்கு (இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி) அதிக யோசனை தேவையில்லை. ஒரு சக்கரம் வாங்கும் அடியை அது எதிர்ச் சக்கரத்துக்கும் கடத்திவிடும்; மேடுபள்ளத்தில் மெல்லிய கம்பி போடுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள்.