கேசியோ எஃப்எக்ஸ்-991இஎக்ஸ்: 4294967297 வைக்கும் பரீட்சை

ஊட்டி, குன்னூர்ப் பக்கம் பள்ளிக் கணித மன்றத்துக்குக் இந்தக் கால்குலேட்டரை வாங்குவதாக இருந்தால், கடை கவுண்டரிலேயே 4294967297 அடித்துப் பாருங்கள். சமன் குறி, பிறகு ஷிஃப்ட், அதன்பின் பாகை-கலை-விகலைப் பொத்தான் (மேலே ஃபேக்ட் என்று இருக்கும்; எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும் வசதி அது). 641×(6700417) என்று வர வேண்டும்.

இந்த எண் 2³²+1. 2-இன் அடுக்கை இரட்டித்துக்கொண்டே போய் ஒன்றைக் கூட்டும் வரிசையில் (2¹+1, 2²+1, 2⁴+1, …) இது வருகிறது. இந்த வரிசையில் முதலில் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். வரிசை முழுவதுமே அப்படித்தான் என்று 1640-இல் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். ஆறாவதான இதை 641 மீதியின்றி வகுக்கும் என்று 1732-இல் இன்னொரு கணித அறிஞர் ஆய்லர் காட்டிவிட்டார்.

திரையில் வரும் அடைப்புக்குறி கோளாறு இல்லை. இந்த மெஷின் மூன்றிலக்கப் பகா எண்கள் வரை, அதாவது 997 வரைதான் வகுத்துப் பார்க்கும். மிச்சம் 1018081-க்கு (997-க்கு அடுத்த பகா எண்ணான 1009-இன் வர்க்கம்) கீழே இருந்தால் அது பகா எண்ணேதான். 6700417 அதைத் தாண்டுகிறது; அதனால் ‘இதற்கு மேல் எனக்குத் தெரியாது’ என்று அடைப்புக்குள் போட்டுவிடுகிறது. நேர்மையான மெஷின்!

மிச்ச வேலை நம்முடையது. 6700417-இன் வர்க்கமூலம் 2588 சொச்சம். 1009-இலிருந்து அதுவரை 208 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையையும் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. 2³²+1-இன் பகாக் காரணி எதுவானாலும் 128-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் (641 = 5×128+1). அந்தச் சல்லடையில் தேறுபவை 1153, 1409 இரண்டே. முதலாவதால் வகுத்தால் 5811.289679, அடுத்ததால் வகுத்தால் 4755.441448. இரண்டுமே மீதியின்றி வகுக்கவில்லை. ஆக, 6700417 பகா எண். அடைப்புக்குறியை எடுத்துவிடலாம்.

பத்திலக்கத்துக்கு மேல் ஃபேக்ட் வேலை செய்யாது. அடுத்த எண்ணான 2⁶⁴+1 இருபது இலக்கம், திரையில் 1.844674407×10¹⁹ என்றுதான் நிற்கும். கடைசி 1 காணாமல் போய்விடும்: (2⁶⁴+1)−2⁶⁴ போட்டால் பூஜ்ஜியம். 274177 அதை வகுக்கும் என்பதை இதில் சரிபார்க்க முயல்வது வீண். 2⁶⁴-ஐ வகுத்தாலும் அதே விடைதான் தெரியும். பள்ளி லேபில் லினக்ஸ் இருந்தால் ஃபேக்டர் கட்டளை கண் இமைப்பதற்குள் சொல்லிவிடும்.

மலைக்கு ஒரு குறிப்பு. மூடுபனி நாளில் சோலார் பட்டை போதாது, ஆனால் உள்ளே எல்ஆர்44 பேட்டரி இருப்பதால் அணையாது. 0 டிகிரிக்குக் கீழே இயக்குவதற்கான கருவி அல்ல இது. ஊட்டி அருகே தலைகுந்தாவில் உறைபனி விழும் விடியலில் வெளியே வைத்தால் எழுத்து மந்தமாகத்தான் மாறும். சட்டைப்பைக்குள் கொஞ்ச நேரம் வைத்தால் சரியாகிவிடும்.

புதிய 991சிடபிள்யூ-வில் ஃபேக்ட் தனிப் பொத்தானில் இல்லை. ஃபார்மேட் அழுத்தி, வரும் பட்டியலில் பகாக் காரணி வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.