பழைய வணிகக் கட்டடத்தின் கழிவுக் குழாய்கள்: 6 ஆண்டு அனுபவம்

நான் பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும் கட்டடத்துக்கு நான்கு மாடி. தரைத்தளத்தில் ஓர் உணவகம், மேலே அலுவலகங்கள். கழிவுக் குழாய்கள் பெரும்பாலும் பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு), நடுநடுவே ஒட்டுப்போட்ட பிவிசி. 6 ஆண்டுகளாக ஸ்பிரிங் மெஷின் (சுழலும் நீளக் கம்பியைக் குழாய்க்குள் விடும் கருவி), ஜெட்டிங் (அழுத்தமாகத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது), குழாய்க்குள் விடும் கேமரா என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் 3 ஆண்டுகள் ஸ்பிரிங் மெஷினை மட்டுமே நம்பியிருந்தேன். அடைத்தால் கம்பியை விடுவோம், தண்ணீர் மடமடவென்று இறங்கும், சரி, வேலை முடிந்தது என்று மூடிவிடுவோம். ஒன்றரை மாதத்தில் அதே ஃப்ளோர் டிராப்பில் (தரையில் தண்ணீர் இறங்கும் வாய்) மறுபடி தண்ணீர் மேலே வரும். மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். துணி, டிஷ்யூ போன்றவை சிக்கியிருந்தால் இழுத்து வர அதுதான் நல்ல கருவி. ஆனால் கொழுப்பு படிந்த குழாயில் நடுவே ஒரு துளை போட்டுவிட்டு வந்துவிடும். சுற்றிலும் உள்ள படிவு அப்படியே இருக்கும்.

பிறகு ஒரு நோட்டு போட்டேன். தேதி, முதலில் தண்ணீர் எதிர்த்து வந்த இடம், கம்பி எத்தனை மீட்டரில் முட்டியது, இவ்வளவுதான். நான்கு முறை தொடர்ந்து 11 மீட்டர் என்றே எழுதியிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கொழுப்பு எங்கே வேண்டுமானாலும் படியலாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் படிகிறது என்றால் கோளாறு குழாயில்தான்.

எங்கே தேடுவது என்பதற்கு நாங்கள் பார்க்கும் வழி எளிது. ஒரு வாஷ்பேசினில் மட்டும் தண்ணீர் நின்றால் அதன் டிராப் (அடியில் தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைவு) அல்லது கிளைக் குழாய். மேல் மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது தரைத்தளத்தில் தண்ணீர் ஏறினால் மெயின் லைன். குளுக் குளுக் என்று சத்தமும் நாற்றமும் சேர்ந்து வந்தால் மொட்டை மாடிக்குப் போய் வென்ட் பைப்பை, அதாவது கழிவுக் குழாய்க்குக் காற்றோட்டம் தரும் குழாயைப் பாருங்கள். எங்களுக்கு ஒருமுறை அதன் வாயில் பறவைக் கூடு இருந்தது. தெரியாமல் இரண்டு வாரம் கீழே கம்பி விட்டுக்கொண்டிருந்தோம்.

11 மீட்டரில் என்ன இருக்கிறது என்று பார்க்க, குழாயை ஜெட்டிங்கில் கழுவிவிட்டுக் கேமராவை விட்டோம். கட்டடத்தில் யாரும் தண்ணீர் பயன்படுத்தாத நேரம். 10 மீட்டர் தாண்டியதும் லென்ஸ் தண்ணீருக்குள் மூழ்கியது, 12 மீட்டரில் வெளியே வந்தது. அந்த இடத்தில் குழாய் தொய்ந்து, தண்ணீர் ஓடுவதற்கான சரிவே (வாட்டம்) போய்விட்டது என்று அர்த்தம். 4 அங்குலக் குழாய்க்கு மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வாட்டம் வேண்டும். கீழ்த்தளப் பார்க்கிங்கின் கூரையில் போய்ப் பார்த்தால், குழாயைத் தாங்கிய இரண்டு கிளாம்ப் துருப்பிடித்து அறுந்திருந்தன.

அந்தத் துண்டை வெட்டி இறக்கினோம். வெளியே 4 அங்குலம், உள்ளே இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் வழி. மரப்பட்டை போல அடுக்கடுக்காகத் துரு, அதன் மேல் மெழுகு மாதிரி வெளுத்த கொழுப்பு. அடிப்பக்கம் விரலால் அழுத்தினாலே பெயர்ந்தது. இதற்குள்ளா ஜெட்டிங் செய்யச் சொன்னேன் என்று பதறிவிட்டேன். ஜெட்டிங் சுவரைச் சுத்தமாக வழித்துவிடும், உண்மைதான். ஆனால் மெலிந்துபோன இரும்பில் முழு அழுத்தம் கொடுத்தால் குழாயே உடையும். இப்போதெல்லாம் குறைந்த அழுத்தத்தில் கழுவி, கேமராவில் பார்த்த பிறகுதான் அழுத்தத்தைக் கூட்டுகிறோம்.

வெட்டும் முன் இருபக்கக் குழாயையும் முட்டுக் கொடுத்துத் தாங்க வேண்டும், காஸ்ட் அயர்ன் பயங்கர கனம். புதிதாகப் பிவிசி போட்டு, ஸ்டெயின்லெஸ் பட்டை உள்ள ரப்பர் கப்ளிங்கால் இணைத்தோம். இரண்டு குழாய்க்கும் வெளிவிட்டம் ஒன்றாக இருக்காது, அதற்கேற்ற கப்ளிங் வாங்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு கிளீன் அவுட்டும் (சுத்தம் செய்யத் திறக்கும் மூடி வைத்த வாய்) வைத்தோம். உணவகத்தின் கிரீஸ் டிராப்பில் (கழிவு நீரில் உள்ள கொழுப்பைப் பிடித்து வைக்கும் தொட்டி) இப்போது கொழுப்பும் கசடும் கால் பங்கு ஆழத்தைத் தொட்டதுமே சுத்தம் செய்கிறார்கள். முன்பு நிரம்பி வழிந்தால்தான் திறப்பார்கள்.

இரண்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அடைப்பு நீக்கும் ரசாயனத்தை யாரும் ஊற்றக் கூடாது. அதில் பெரும்பாலும் இருக்கும் காஸ்டிக் சோடா தண்ணீரில் கலந்தால் சூடாகும், அடைப்பின் மேல் தேங்கி நிற்கும், பின்னால் குழாயைத் திறக்கும் பிளம்பரின் முகத்தில் தெறிக்கும். அடுத்தது, எந்த அவசரத்துக்கும் ஒரு மனிதரைச் சேம்பருக்குள் (கழிவுக் குழாய்கள் சேரும் குழி) இறக்கக் கூடாது. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை என்று இறங்குபவர் உயிரோடு வருவார் என்று சொல்ல முடியாது.

அந்தத் துண்டை மாற்றி இரண்டரை ஆண்டு ஆகிறது. நோட்டில் 11 மீட்டர் என்று அப்புறம் எழுதவில்லை. இப்போது மூன்றாம் மாடிக் கிளைக் குழாயில் 6 மீட்டர் என்று இரண்டு முறை வந்திருக்கிறது. அலுவலகங்களுக்கு அடுத்த விடுமுறை நாளில் அங்கே கேமரா விடப்போகிறோம்.