நேட்டால் வம்சாவளி தேடுபவர்கள் கவனத்துக்கு: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் கொள்ளுப்பாட்டி முனியம்மா தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், ஒரு கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் வடஆற்காடு ஜில்லாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள். 1914-க்கு அப்புறம் குடும்பம் இங்கே திரும்பிவிட்டது. எந்தக் கிராமத்திலிருந்து கிளம்பினார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொன்ன ஒரு வம்சாவளி ஆய்வாளரிடம் 15,000 ரூபாய் கட்டினோம். பிறகு 'காப்பகக் கட்டணம்' என்று இன்னும் 7,000 வாங்கினார்.

வந்த அறிக்கையில் பாட்டியின் பெயரிலேயே ஒரு கப்பல் பட்டியல் பதிவு இருந்தது. உம்லாசி கப்பல், வயது 20, ஜில்லா தஞ்சாவூர். நேட்டாலிலேயே பிறந்தவர் எப்படிச் சென்னையில் கப்பலேறியிருக்க முடியும்? 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டால் போய் இறங்கிய சுமார் 1,52,000 பேரின் பட்டியல் அது. அதில் முனியம்மாக்களுக்கும் முனுசாமிகளுக்கும் குறைவே இல்லை. குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர்கள் வேறு. பெயர் ஒத்துவந்தது என்பதற்காக யாரோ ஒரு பெண்ணை எங்கள் பாட்டியாக்கிவிட்டார். அந்தப் பெண்ணுக்கும் ஒரு குடும்பம் இருந்திருக்கும். அவருக்கும் சேர்த்துத்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

முறையாகத் தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது பெற்றோரின் காலனி எண். நேட்டாலில் இறங்கிய ஒவ்வொரு கூலிக்கும் ஓர் எண் உண்டு. அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பு, திருமணப் பதிவுகளில் பெற்றோரின் எண்ணைத் தேட வேண்டும். எண் கிடைத்துவிட்டால் கப்பல் பட்டியலில் அவர்களுடைய தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். இவர் எண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. பதிவின் படத்தைக் கேட்டதற்கு, தட்டச்சு செய்த ஒரு தாளை அனுப்பினார். அதில் காப்பகத்தின் பெயரும் இல்லை, தொகுதி எண்ணும் இல்லை.

இதில் இன்னொரு வேதனை: டர்பனில் உள்ள குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இந்தக் கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. அதிலிருந்து ஒரு வரியை உருவி எடுத்துத்தான் எங்களிடம் விற்றிருக்கிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். 'ஸ்கேன் பண்ணிட்டுத் தர்றேன்' என்று அம்மாவிடமிருந்து வாங்கிப்போன பாட்டியின் பழைய புகைப்படமும் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. போலீஸில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நீங்கள் யாரிடம் வேலையைக் கொடுத்தாலும் நகலை மட்டும் கொடுங்கள்.